கல்லில் நார் உரித்தவர்கள்

ஆகாத காரியத்துக்கு நாம் சொல்வது:
கல்லில் நார் உரிக்கிற கதை.
போ நதிக்கரையில், கசாலே ஊரில்
ஆகிவிட்டது அது.
பாறை பஞ்சாகிச் சாக்கில் வந்தது, ரயிலில்.
சிமெண்டோடு குழைந்து
குழாயாக, கூரைத் தகடாக, பூந்தொட்டியாக
வெளியே போனது.
மிஞ்சிய தூள்
ஊருக்கு இலவசம்.

எவாசியோ பத்ரூக்கோ குழாய் கடைபவன்.
கடைசலில் முனை சுற்றும்போது உதிர்ந்ததைத்தான்
ஞாயிற்றுக்கிழமை சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்தான்.
ஏழு மூட்டை. ஏழு நடை.
முற்றத்தில் கொட்டி, நீர் தெளித்து,
கட்டையால் தட்டிவிட்டுப் படுத்தான்.
காலையில் பார்த்தால்
பளிங்குபோல் இறுகிக் கிடந்தது தரை.
மழைக்குச் சேறில்லை. கோழிக்குக் கிளற இடமில்லை.
பக்கத்து வீட்டு தெரேசியோ கேட்டான்,
எனக்கும் சொல்லிவை.
பாதிரியார் கேட்டார்,
பையன்கள் பந்துருட்டும் மைதானத்துக்கு.
ஓசியில் வந்த மாட்டை
யார் பல்லைப் பிடித்துப் பார்த்தார்கள்?

டெல்ஃபினா மட்டும் முணுமுணுத்தாள்,
அதுவும் வேறு காரணத்துக்கு:
அவன் நீலச் சட்டையை ஜன்னலுக்கு வெளியே
இரண்டு உதறு உதறாமல்
தொட்டியில் போட்டால்
தண்ணீர் கஞ்சியாகிவிடுகிறதாம்.

ஜன்னலுக்குக் கீழே லிவியா.
நான்கு வயது. மூன்று சக்கரம்.
சுவரிலிருந்து சுவருக்கு ஓட்டுவாள்,
பின்னால் வெள்ளையாக ஒரு வால் எழும்ப.
மணியடிப்பாள்,
வழியில் யாருமே இல்லாதபோதும்.

பிறகு நாற்பத்தாறு வருடம்
ஒன்றும் நடக்கவில்லை.

பூவோடு சேர்ந்த நார் மணக்கும்.
மூச்சோடு சேர்ந்த நார்
மணக்காது, உறுத்தாது,
காய்ச்சல் கூடக் காட்டாது.
பள்ளிக்கூடம் போகும், கல்யாணம் பண்ணிக்கொள்ளும்,
வாடகை கட்டும்.

மருத்துவர் கேட்டார்:
ஆலையில் எந்தப் பிரிவு?
வரி அலுவலகம், என்றாள் லிவியா. இரண்டாம் மாடி.
கணவர்?
பள்ளியில் பூகோளம்.
எழுதுவதை நிறுத்தினார்.
நீங்கள் வளர்ந்த வீட்டில்
முற்றம் இருந்ததா?

ஆலைக்குள் முப்பத்தொரு வருடம் நின்றவன்
எண்பத்திரண்டில் நிற்காமல் மாடிப்படி ஏறுகிறான்.
எக்ஸ்ரே எடுத்த பெண்
இரண்டு தரம் பெயரைச் சரிபார்த்தாள்.
சுத்தமாக இருக்கிறது, என்றாள்,
பரிசு விழுந்ததைச் சொல்வதுபோல.
அந்தச் சொல்லைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு
கல்லறைப் பக்கமாக வீட்டுக்கு நடந்தான்.
லிவியாவின் பெயருக்கு
இன்னும் கல் வரவில்லை. எண் மட்டும்.

அக்டோபரில் நகராட்சி வந்தது.
வெள்ளை உடுப்பு, முகத்தில் வடிகட்டி, ஐந்து பேர்.
அவனுக்கும் அவன் முற்றத்துக்கும் நடுவே
நாடா கட்டினார்கள்.
முதலில் நனைத்தார்கள், அவன் அன்று நனைத்ததுபோலவே.
எவ்வளவு ஆழம் போவீர்கள்?
இரண்டு சாண்.
நான் போட்டது ஏழு மூட்டைதான்.
மேற்பார்வைக்காரி தாளைப் பார்த்தாள்.
இதுவரை நாற்பத்திரண்டு.
அது தொட்ட மண்ணும் கணக்கில் சேரும், ஐயா.

மண்வெட்டியில் ஏதோ தட்டுப்பட்டது.
துருவேறிய மணிமூடி, உள்ளங்கை அளவு.
நாடாவைத் தாண்டிக் கை நீட்டினான்.
அவள் தலையசைத்தாள்,
முகம் தெரியவில்லை, கண் தெரிந்தது.
பைக்குள் பை, அதன்மேல் ஒட்டுநாடா,
அதன்மேல் கறுப்புச் சீட்டு.
லாரியில் தூக்கிப் போடவில்லை,
இறக்கிவைத்தார்கள்.

வேலிக்கு அப்பால் தெரேசியோ கத்தினான்,
என்னுடையது நாலே மூட்டை!
அதன்மேல் தக்காளி போட்டுத் தின்றிருக்கிறோம்,
கல்லுபோல இருக்கிறோமே!
அவன் தலைக்கு மேல், திறந்த ஜன்னலில்
மகன் வீட்டுப் பொடியன்
லாரியை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தான்.
ஆற்றுக் காற்று கிளம்பும் நேரம்.

ஜன்னலைச் சாத்து, என்றான் எவாசியோ.
அவனுக்குக் கேட்கவில்லை.
ஜன்னலைச் சாத்து, தெரேசியோ.